விக்கலை நிறுத்திய கேள்விகள்

பெரியப்பாவுக்கு விக்கல் தொடங்கிய ஏழாவது நாளில்தான் நான் நோட்டுப் போட்டேன். முந்தின ஆறு நாளை வீணாக்கிவிட்டோமே என்று அப்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. பி.எஸ்ஸி. விலங்கியல் இரண்டாம் வருஷம். கரப்பான் பூச்சியின் குடலைப் பிரித்துப் படம் வரைவதே பெரிய காரியமாக இருந்தவளுக்கு, வீட்டுக் கட்டிலிலேயே எட்டு நொடிக்கு ஒரு தரம் துள்ளுகிற உதரவிதானம் கிடைத்தால் விடுவேனா? மணி, நிமிஷத்துக்கு எத்தனை, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், படுத்தபடி, உட்கார்ந்தபடி என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டேன். பாதி தமிழ், பாதி மலையாளம். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்ததால் அவசரமாக எழுதும்போது கை அந்தப் பக்கம்தான் போகும்.

ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்களுக்குக் கீழே மிளகாய் வத்தல், மல்லி மொத்தக் கடை, மேலே வீடு. பெரியப்பா, அவருக்குப் பன்னிரண்டு வயது இளைய தங்கையான என் அத்தை, அத்தைக்கும் இளையவரான என் அப்பா, அம்மா, நான். பெரியப்பாவின் மகன்கள் இரண்டு பேரும் ஷார்ஜாவில். பெரியம்மாவை நான் பார்த்ததில்லை. இரண்டாவது பிரசவத்தோடு அவளுக்கு இடுப்புக்குக் கீழே விழுந்துவிட்டது. பதினோரு வருஷம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். அந்தப் பதினோரு வருஷமும் அவளுக்குப் பீ மூத்திரம் அள்ளியது, அந்த இரண்டு பையன்களையும் வளர்த்தது எல்லாம் அத்தைதான். அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஜாதகத்தில் செவ்வாய் சரியில்லை, ஒரு வரன்கூட வரவில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கொல்லைக் குழாயில் காலை ஏழு மணிக்கு மேல் தண்ணீர் வராது என்பது மாதிரி அது ஒரு தகவல்.

பெரியப்பாவுக்கு அறுபத்தாறு வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை, பத்து வருஷமாகப் பிரஷர், இரண்டு வருஷமாகச் சிறுநீரகம். சீக்கிரம் டயாலிசிஸ் தொடங்கவேண்டி வரும், அதற்கு முன்னால் கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து ரத்தக்குழாயைத் தயார்பண்ண வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். நன்றாகச் சாப்பிட வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும். அந்த நேரம் பார்த்து விக்கல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு வாய் கஞ்சி உள்ளே போனால் அடுத்த விக்கலில் அது மூக்கு வழியே வந்தது. கண் அசந்தால் விக்கல் உலுக்கி எழுப்பியது. ஏழு நாளில் கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு வந்துவிட்டன.

ஆனால் விக்கலைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்? காய்ச்சல் என்றால் முகம் வாடும், நெஞ்சுவலி என்றால் கார் பிடிப்பார்கள். விக்கலென்றால் சிரிப்புத்தான். கீழே மூடை இறக்குகிறவர்கள் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"முதலாளிய எவளோ விடாம நெனைக்கா."

"பழைய ஆளா இருக்கும். எடுத்துச் சொல்லுங்க முதலாளி, பேரச் சொன்னா நின்னுரும்."

பெரியப்பா சிரித்தார். சிரிப்பின் நடுவே விக்கி, வாயிலிருந்து எச்சில் தெறித்தது. அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

அம்மா வைத்தியம் பார்த்தாள். ஒரு கரண்டி சீனியை அவர் நாக்கின் அடியில் கொட்டினாள். விக்கல் நிற்கவில்லை, சர்க்கரைதான் ஏறியது. அப்பா மூச்சைப் பிடிக்கச் சொன்னார். பெரியப்பா கண் பிதுங்கப் பிடித்தார். நான் ஸ்டாச்சு ஜங்ஷனில் ஒரு பிரௌசிங் சென்டரில் போய் உட்கார்ந்து பதினாறு பக்கம் பிரின்ட் எடுத்து வந்தேன். நாக்கைப் பிடித்து இழுப்பது, காதுக்குள் விரல் விடுவது, குனிந்து டம்ளரின் எதிர் விளிம்பில் தண்ணீர் குடிப்பது. ஒவ்வொன்றையும் பெரியப்பாவின்மேல் செய்து பார்த்து எதிரே பெருக்கல் குறி போட்டேன். அந்தப் பதினாறு பக்கத்தில், வயதானவர்களுக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் தாண்டி விக்கல் நீடித்தால், அதிலும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களானால், உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதன் அடியில் கோடுகூடப் போட்டேன். சிறுநீரக டாக்டருக்கு வியாழக்கிழமை முறை இருக்கிறதே, அன்றைக்குக் காட்டிக்கொள்ளலாம் என்று அப்பா சொன்னார். நான் சரி என்றேன். வியாழனுக்குள் நானே நிறுத்திவிடலாம் என்று ஓர் ஆசை எனக்கு.

எங்கள் பக்கத்தில் விக்கலுக்கு ஒரு வைத்தியம் உண்டு. விக்குகிறவன்மேல் திடீரென்று திருட்டுப்பழி போடுவது. "என் பென்சிலை நீதானே எடுத்தே?" என்று ஒரு அதட்டல். குழந்தை "நானில்ல" என்று திடுக்கிடும்; விக்கல் நின்றுவிடும். சின்ன வயதில் எனக்கே எத்தனையோ தடவை நின்றிருக்கிறது. ஒன்பதாம் நாள் அம்மாதான் அதை ஆரம்பித்தாள்.

"அத்தான், ஷெல்ஃபுல வச்சிருந்த என் மோதிரத்த எடுத்தது நீங்கதானே?"

"ஆமா, எடுத்து... போட்டுக்கிட்டேன்" என்றார் பெரியப்பா விக்கிக்கொண்டே, வீங்கிய விரல்களைக் காட்டி. எல்லோரும் சிரித்தோம்.

அடுத்து அப்பா. "மதுரைல எனக்கு என்ஜினீயரிங் சீட் கெடச்சப்போ கார்டைக் கிழிச்சுப் போட்டுட்டுக் கடையில உக்காருன்னது யாரு?"

அது பழி இல்லை, நடந்தது. பெரியப்பா விக்கினார். அப்பா சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டு உடனே கீழே போகவில்லை. பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அம்மாவுக்கும் சூடு பிடித்தது. "என் கல்யாணத்தன்னைக்குப் பந்தியில எங்கப்பாவ எழுப்பிவிட்டது நீங்கதானே?" கீழேயிருந்து ஏறி வந்தவன் ஒருவன், "என் மவன் ஒடம்புக்கு முடியாமக் கெடந்தப்போ லீவு தரமாட்டேன்னது நீங்கதானே முதலாளி?" என்றான். எல்லாம் வைத்தியம். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. அந்த இரண்டு நாள், அந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் அறைக்குள் நுழைந்து அவரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றாகிவிட்டது. முப்பது வருஷமாக யாரும் எதிர்த்துப் பேசியறியாத மனிதர், தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை மட்டும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு நேரமில்லை. ஊசி, மாத்திரை, உப்பில்லாக் கஞ்சி, நனைந்த துணி.

நான் யோசித்தேன். தெரிந்த உண்மையைக் கேட்டால் திடுக்கிடல் இல்லை. அற்பமான பொய்யைக் கேட்டால் விளையாட்டென்று தெரிந்துவிடுகிறது. ஆகவே அது முழுப் பொய்யாக இருக்கவேண்டும். அதேசமயம் அவரால் சிரிக்க முடியாததாகவும் இருக்கவேண்டும். அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வது எது? தங்கச்சியைத் தகப்பன் ஸ்தானத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன் என்பது. அங்கேதான் அடிக்கவேண்டும். கணக்குப் பாடத்தில் விடை கிடைத்தது மாதிரி எனக்கு ஒரு துள்ளல். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது. யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நானே கட்டியது.

பதினோராம் நாள் மத்தியானம் சாப்பிட அப்பா மேலே வந்திருந்தார். அம்மா இலை போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை பெரியப்பாவின் அறையிலேயே ஸ்டூலில் உட்கார்ந்து கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு விக்கல் முடிந்த கையோடு சொன்னேன்.

"பெரியப்பா, அத்தைக்கு ஒரு நல்ல வரன் வந்துச்சாமே. கடுதாசியை யாருக்கும் காட்டாம ஒளிச்சு வச்சுட்டியளாமே."

எட்டு நொடி. விக்கல் வரவில்லை. பதினாறு. இருபத்து நாலு. நான் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு நிமிஷம் ஆனபோது கை தட்டலாமா என்று நிமிர்ந்தேன்.

பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பதினோரு நாளில் முதல் தடவையாக உடையாத ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தது.

"யாரு சொன்னா உன்கிட்ட? அந்த ஆளு இங்க வந்தானா?"

அம்மாவின் கையில் இருந்த இலை அப்படியே நின்றது. அப்பா, "என்ன ஆளு?" என்றார். பிறகு அவரே, "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, நான் அப்பம் சின்னப் பையன்" என்று யாரும் கேட்காததற்குப் பதில் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் கீழே இறங்கிப் போனார். அம்மா வந்து, "மைனி" என்று அத்தையின் தோளைத் தொட்டாள். அத்தை தோளை விலக்கிக்கொண்டாள். கஞ்சியைப் பெரியப்பாவிடம் நீட்டினாள்.

"இப்பம் விக்கல் இல்லை. ஆறதுக்குள்ள குடிச்சிருங்க."

அவர் குடித்தார். ஒரு டம்ளர் முழுவதும். பாவி, நான் அதையும் நோட்டில் எழுதினேன். 12.50, இருநூறு மில்லி, வாந்தி இல்லை.

நாற்பது நிமிஷம் கழித்து விக்கல் திரும்பி வந்தது. அறையில் நானும் அத்தையும்தான் இருந்தோம். அத்தை அவருடைய பழைய வேட்டியைக் கிழித்துத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"என்ன வேலை அந்த ஆளுக்கு?"

பெரியப்பா விக்கவில்லை. கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "எதுக்குட்டி இப்பம் அது?"

அவள் மறுபடி கேட்கவில்லை. ஒரு நிமிஷத்தில் விக்கல் வந்தது. வந்துகொண்டே இருந்தது. அவள் துணி மடித்துக்கொண்டே இருந்தாள். பத்து நிமிஷம் போனதும் அவராகவே சொன்னார்.

"போனக்காட்டுல... எஸ்டேட் ஆபீசுல கிளார்க்கு. தோட்டத்துக் கடைக்கு வத்தல் எடுக்க... மாசம் ஒருக்கா வருவான்." சொல்லி முடிக்கும்போது விக்கல் நின்றிருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலை செய்கிறது! கேள்வி, திடுக்கிடல், மூச்சு ஒரு கணம் உள்ளே தங்குகிறது, நரம்பு தன் தாளத்தை மறந்துபோகிறது. நான் ஒரு புதுப் பக்கம் எடுத்து, மேலே 'கேள்வி' என்று ஒரு கட்டமும் 'நின்ற நேரம்' என்று ஒரு கட்டமும் போட்டேன்.

அடுத்த இரண்டு நாள் அப்படித்தான் போயிற்று. அத்தை ஒரு தடவைக்கு ஒரு கேள்விதான் கேட்பாள். அவர் பதில் சொல்வார். விக்கல் அரை மணி, ஒரு மணி நேரம் அடங்கும். அதற்குள் அவள் கஞ்சியோ இட்லியோ கொடுத்துவிடுவாள். ஊர் எது? செங்கோட்டை. தாய் தகப்பன்? தாய் மட்டும். என்னை எங்க வச்சுப் பாத்தாரு? கடை வாசலில், நீ ஆத்துக்கால் கோயிலுக்குப் போயிட்டு வரும்போது. எப்படி இருப்பாரு? இதற்குப் பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். "ஒசரம். குடை வச்சிருப்பான். மழை இல்லாட்டியும்." கடுதாசியில என்ன இருந்துச்சு? "ஜாதகமும் இருந்துது. செவ்வாயெல்லாம் பாத்துட்டேன், பொருந்துதுன்னு எழுதியிருந்தான்."

அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் நின்றது. அதுதான் அதுவரைக்கும் அதிகம். நான் அதன் கீழே இரண்டு கோடு போட்டேன்.

அவர் கேள்விக்குக் காத்திருக்க ஆரம்பித்தார். அதுதான் எனக்கு இப்போது நினைக்கும்போது சகிக்கவில்லை. விக்கல் வந்ததும் கண் அத்தையைத் தேடும். "கேளுட்டி" என்று சொல்லவேமாட்டார். ஆனால் அவள் சமையலறையில் இருந்தால் கட்டில் சட்டத்தை விரல்முட்டியால் தட்டுவார். அவள் அவசரப்படமாட்டாள். அடுப்பை அணைத்து, கையைத் துடைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அப்புறம்தான்.

வியாழக்கிழமை வந்தது. அத்தை, நான், பெரியப்பா மூன்று பேரும் டாக்டரிடம் போனோம். ரத்தத்தில் யூரியா ஏறியிருந்தது. அதுதான் நரம்பைச் சீண்டுகிறது என்றார். நான் விடாமல் என் நோட்டைக் காட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"கொள்ளாமல்லோ, நல்லாயிருக்கே. டாக்டராகணுமா உனக்கு?"

"கேள்வி கேட்டா நிக்குது சார்."

"பேடிப்பிச்சா, பயங்காட்டினா, கொஞ்ச நேரம் நிக்கும். அது சிகிச்சை இல்லை கேட்டோ." அவர் ஒரு மாத்திரை எழுதினார். மூன்று வேளை. சீட்டை அத்தையிடம் கொடுத்து, அவளுக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இன்னும் எடை குறைந்தால் கை ஆபரேஷனைத் தள்ளிப்போடவேண்டி வரும். தள்ளிப்போட்டால் திடீரென்று ஒருநாள் மூச்சுத் திணறி வருவார், அப்போது கழுத்தில் குழாய் போட்டுத்தான் டயாலிசிஸ் செய்யவேண்டி இருக்கும், அது வலி, ஆபத்து. எப்படியாவது சாப்பிட வையுங்கள், தூங்க வையுங்கள்.

மாத்திரை கேட்டது. மறுநாள் சாயங்காலமே விக்கல் நின்றுவிட்டது. பெரியப்பா ஆறு மணி நேரம் புரளாமல் தூங்கினார். எழுந்து மூன்று இட்லி தின்றார். அம்மாவைக் கூப்பிட்டுச் சட்னியில் உப்பில்லை என்று வைதார். வீடு பழைய வீடாகிவிட்டது. மூடைக்காரர்கள் படியேறவில்லை. அப்பா அவர் முன்னால் மறுபடி நின்றுகொண்டே பேசினார்.

அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கடுதாசிக்கு என்னன்னு பதில் எழுதினிய?"

பெரியப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "போட்டும்ட்டி. பழைய கதை. இப்பம் அதக் கிண்டி என்ன கிட்டப் போவுது? போயி வேலையப் பாரு."

அத்தை எழுந்து போய் வேலையைப் பார்த்தாள்.

சனிக்கிழமை நல்லபடியாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விக்கல் திரும்பி வந்தது. முன்னைவிடக் கடுமையாக. செவ்வாய்க்கிழமை காலையில் எடை பார்த்தேன். வியாழனைவிட இரண்டரைக் கிலோ குறைந்திருந்தது. குளியலறைக்கு நடத்திக் கூட்டிப்போனபோது முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். நானும் அப்பாவும் தூக்கினோம். அவர் வெட்கத்தில் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. விக்கல் மட்டும் எங்கள் இரண்டு பேர் கைகளையும் குலுக்கியது.

டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லவேண்டும், அதற்கு முன்னால் எத்தனை மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்று சரியாகத் தெரிந்துகொள்ளலாம் என்று மருந்து டப்பாவைத் திறந்தேன். அந்த டப்பா எப்போதும் அத்தையின் பொறுப்பு. யாரும் தொடமாட்டோம். எது காலை, எது சாப்பாட்டுக்கு முன் என்பது அவளுக்குத்தான் தெரியும். விக்கல் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். பதினாலு போயிருக்கவேண்டும். எட்டுத்தான் போயிருந்தது. மறுபடி எண்ணினேன்.

"எண்ணியாச்சா?"

அத்தை பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"பதினாலு போயிருக்கணும், அத்தை."

"ஆமா."

"அப்பம் ஞாயித்துக்கிழமைலேர்ந்து குடுத்தது?"

"கால்சியம் மாத்திரை. அதுவும் வெள்ளைதான்."

"அவருக்குக் கஞ்சி எறங்கல அத்தை. எந்திரிச்சு நிக்க முடியல. டாக்டர் என்ன சொன்னாருன்னு…"

"தெரியும். நானும்தான் பக்கத்துல நின்னேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. என் கையிலிருந்து அட்டையை வாங்கி டப்பாவில் வைத்து மூடினாள்.

"இன்னும் ரெண்டு கேள்விதான் இருக்கு" என்றாள். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்."

பத்து அடி தூரத்தில் பெரியப்பாவின் அறை. ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்துக்கொண்டு போய் அவர் வாயில் போட எனக்கு அரை நிமிஷம் போதும். அப்பாவைக் கூப்பிட ஒரு குரல் போதும். நான் இரண்டும் செய்யவில்லை. அத்தையின்மேல் இரக்கம் என்று பின்னால் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். எனக்கும் அந்த இரண்டு கேள்வியும் என்னவென்று தெரியவேண்டியிருந்தது. அவ்வளவுதான். டாக்டருக்குப் போன் போடவில்லை. அப்பா கேட்டபோது, மாத்திரை கேட்கக் கொஞ்சம் நாளாகும் என்று படித்தேன் என்றேன். என் படிப்பை அந்த வீட்டில் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

புதன்கிழமை நாலு மணி. கீழே மூடை இறங்கிக்கொண்டிருந்தது. வத்தல் நெடி ஜன்னல் வழியே ஏறி வந்தது. அந்த நெடியில் பெரியப்பாவுக்கு இருமலும் விக்கலும் சேர்ந்து வந்தன. தலையை நிமிர்த்தி வைக்க முடியாமல் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அத்தை ஸ்டூலைப் போட்டாள். நான் சுவரோரம் நின்றேன். நோட்டு கையில் இல்லை.

"கடுதாசிக்கு என்ன பதில் எழுதினிய?"

அவர் இப்போது தயங்கவில்லை. "பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிட்டுதுன்னு எழுதினேன்."

"அவரு மாசாமாசம் கடைக்கு வாற ஆளு. நான் இங்கதான் இருக்கேன். எப்படி நம்பினாரு?" இது புதுக் கேள்வி இல்லை, அதே கேள்வியின் மீதி என்பதுபோல வேகமாகக் கேட்டாள்.

"நம்பல. நேர்ல வந்து கேட்டான்." பெரியப்பா நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். விக்கல் இல்லை. "அப்பம் நீ மேல மாடியில நின்னுட்டிருந்தே. மூத்தவன் உன் இடுப்புல இருந்தான். நான் ஒண்ணும் சொல்லல. மேல கையக் காட்டினேன். அவன் நிமுந்து பாத்தான். போயிட்டான்."

கீழே யாரோ லாரிக்காரனை மலையாளத்தில் வைதுகொண்டிருந்தார்கள். அத்தை தன் இடது இடுப்பை ஒரு கையால் மெல்லத் தடவினாள். அவள் அதை அறிந்து செய்தாள் என்று நான் நினைக்கவில்லை.

"சரி" என்றாள். "கடைசியா ஒண்ணு. என்கிட்ட காட்டியிருந்தா நான் சம்மதிச்சிருப்பேன்னு நெனச்சியளா? இந்தப் பிள்ளையளயும் படுக்கையில கெடந்த மைனியையும் விட்டுட்டு?"

இல்லையென்று சொன்னால் போதும். நீ எங்களை விட்டுப் போகமாட்டாய் என்று நினைத்தேன் என்று அவர் சொல்லியிருந்தால், அது பொய்யானாலும், அவளுக்குக் கட்டிக்கொண்டு அழ ஏதாவது கிடைத்திருக்கும். நாள்கணக்கில் தூக்கமில்லாத மனிதருக்குப் பொய்யைக் கட்டும் தெம்பு இல்லை.

"போயிருப்ப" என்றார். "அதான் காட்டல."

அத்தை எழுந்தாள். டப்பாவைத் திறந்து, சரியான அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி, தண்ணீரோடு அவர் வாயில் போட்டாள். அவர் விழுங்கும்வரை தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள். அப்புறம் டப்பாவை என் கையில் கொடுத்தாள்.

"இனி நீ குடு. உனக்குத்தான் எல்லாம் எழுதி வைக்கத் தெரியுமே."

அதோடு சரி. அவள் அதற்குப் பிறகு அந்த அறைக்குள் போகவில்லை. அதே வீட்டில்தான் இருந்தாள். சமைத்தாள், கடைக்கு டீ போட்டாள், சாயங்காலம் டி.வி. பார்த்தாள். பெரியப்பாவின் தட்டை மட்டும் தொடமாட்டாள். விக்கல் மூன்றாம் நாள் நின்றது. ஆனால் உடம்பு தேறக் காத்திருந்ததில் கை ஆபரேஷன் மூன்று வாரம் தள்ளிப்போயிற்று. டாக்டர் சொன்னது மாதிரியே ஒருநாள் காலையில் மூச்சு வாங்கி, கழுத்தில் குழாய் போட்டுத்தான் டயாலிசிஸ் தொடங்கினார்கள். அந்தக் குழாயில் ஒரு தடவை சீழ் வைத்தது. அவர் அலறியதை நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். ஆறு மாத்திரை, நான் எண்ணிப் பார்த்த பிறகு இன்னும் ஐந்து. யாரிடமும் நான் சொல்லவில்லை.

ஊசி, மாத்திரை, வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரி எல்லாம் என்னிடம் வந்தது. மூன்றாம் வருஷப் பரீட்சையில் இரண்டு பேப்பர் போயிற்று. ஆட்டோவில் போகும்போதெல்லாம் பெரியப்பா, "அவ வரலியா?" என்பார். வரவில்லை என்பேன். ஒருநாள் அறையிலிருந்து சத்தமாகக் கூப்பிட்டார்: "ஏட்டி, இங்க வா. ஒண்ணு விட்டுப்போச்சு, சொல்லணும்." டி.வி. சத்தம் கூடியது. அவர் என்னைப் பார்த்து, "அப்பம் நீ கேளு மக்களே. நீதானே தொடங்கினே" என்றார். எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. வாயைத் திறக்கச் சொல்லி மாத்திரையைப் போட்டேன். விட்டுப்போனது என்னவென்று இன்றைக்கும் தெரியாது. அவர் இன்னும் இரண்டு வருஷம் இருந்தார்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்த அந்த நாட்களிலும் எனக்குப் புத்தி வரவில்லை. ஒரு மத்தியானம் போனக்காட்டுக்கு பஸ் நேரமெல்லாம் விசாரித்து எழுதிக்கொண்டு அத்தையிடம் போனேன். விதுரையில் மாறி ஏறவேண்டும், காலையில் புறப்பட்டால் சாயங்காலம் திரும்பிவிடலாம், எஸ்டேட் ஆபீசில் பழைய ஆட்கள் யாராவது இருப்பார்கள், நானும் வருகிறேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள்.

"அங்க போயி என்னன்னு சொல்லச் சொல்லுத?" என்றாள். "இடுப்புல பிள்ளையோட நின்னவ நாந்தான், அது என் பிள்ளை இல்லன்னா?"

நான் சீட்டை மடித்தேன்.

"மணி ரெண்டாச்சு" என்றாள் அத்தை. "போ. அவருக்கு ஊசி போடணும்லா."